ஆன்டெனா கேபிளுக்கு எந்த கனெக்டர்? எஸ்எம்ஏ, என் டைப், பிஎல்-259 ஓர் ஒப்பீடு

மொட்டை மாடியில் ஒரு 4ஜி ஆன்டெனா, வீட்டுக்குள் ரவுட்டர், நடுவில் பத்து மீட்டர் கேபிள். இப்படி மாட்ட நினைக்கிறவர்கள் ஆன்டெனாவை ஒரே நாளில் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். கேபிளின் இரண்டு நுனியிலும் எந்த கனெக்டர் போடுவது என்ற இடத்தில்தான் வண்டி நின்றுவிடுகிறது. ஆன்லைனில் தேடினால் எஸ்எம்ஏ, ஆர்பி-எஸ்எம்ஏ, என், டிஎன்சி, பிஎன்சி என்று வரிசையாக வரும். பாதிப் படங்களுக்கு ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கவே முடியாது. கடைசியில் "எதில் சிக்னல் நஷ்டம் குறைவு, அதைச் சொல்லுங்கள் போதும்" என்று கேட்டுவிடுகிறார்கள்.

அந்தக் கேள்வியைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிடலாம். ஒழுங்காகப் போட்ட கனெக்டர் எதுவானாலும், அதற்குரிய அலைவரிசைக்குள் நஷ்டம் 0.1 டெசிபல் அளவில்தான் இருக்கும். கேபிளின் கதை வேறு. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஆர்ஜி-58 கேபிள் மீட்டருக்கு ஏறக்குறைய 1 டெசிபல் விழுங்கும். பத்து மீட்டருக்கு 10 டெசிபல், அதாவது ரவுட்டர் அனுப்பியதில் பத்தில் ஒரு பங்குதான் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேரும். அதே தூரத்துக்கு எல்எம்ஆர்-400 போட்டால் 2.2 டெசிபல்தான் போகும். ஐந்தில் மூன்று பங்கு சேர்ந்துவிடும். சிக்னலைக் காப்பாற்றுவது கேபிளின் வேலை. அந்தக் கேபிளைத் தாங்குவதும், தண்ணீரை உள்ளே விடாமல் இருப்பதும், கருவியில் சரியாகப் பொருந்துவதும்தான் கனெக்டரின் வேலை. கனெக்டர்களை அந்த வேலைகளை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

## முதலில் பார்க்க வேண்டியவை

கருவியில் என்ன இருக்கிறது? கேபிளின் இரண்டு நுனிகளில் ஒன்று உங்கள் கையில் இல்லை. ரவுட்டரின் முதுகில் கம்பெனிக்காரன் என்ன வைத்திருக்கிறானோ அதற்குத்தான் நீங்கள் பொருந்த வேண்டும். சில சமயம் ஆன்டெனா பக்கமும் அப்படித்தான். அதனால் பல வீடுகளில் உண்மையான கேள்வி, இரண்டுக்கும் நடுவில் எங்கே, எப்படி மாறுவது என்பதே.

கேபிளின் தடிமன். ஆர்ஜி-58 சுமார் 5 மில்லிமீட்டர். எல்எம்ஆர்-400 பத்து மில்லிமீட்டருக்கும் மேல். சுண்டு விரல் பருமன், வளையவே யோசிக்கும். இதை ஒரு சின்ன கனெக்டரில் தொங்கவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பிறகு பார்க்கலாம்.

வெயிலா, கூரைக்குள்ளா? கனெக்டர்களில் சில மழைக்கென்றே ரப்பர் வளையத்தோடு வருகின்றன. சிலவற்றில் அது கிடையவே கிடையாது.

அலைவரிசை. 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் போகப் போக சில கனெக்டர்கள் தாமாகவே பட்டியலிலிருந்து கழன்றுவிடும்.

50 ஓமா, 75 ஓமா? இது இம்பீடன்ஸ் என்ற அளவு; கருவியும் கேபிளும் கனெக்டரும் இதில் ஒத்துப்போவது நல்லது. வைஃபை, 4ஜி, வாக்கி டாக்கி, லோரா (குறைந்த மின்சாரத்தில் தூரத்துக்குத் தகவல் அனுப்பும் ரேடியோ) எல்லாம் 50 ஓம். டிவியும் டிஷ்ஷும் சிசிடிவியும் 75 ஓம்.

எத்தனை முறை கழற்றுவீர்கள், யார் போடப் போகிறார்கள்? ஒரு தடவை மாட்டிவிட்டு மறந்துவிடுவது ஒரு ரகம், தினமும் கழற்றி மாட்டுவது இன்னொரு ரகம். வீட்டில் நீங்களே போடுவதென்றால் கனெக்டரைக் கேபிளோடு நசுக்கிப் பிடிக்கவைக்கும் கிரிம்ப் கருவி, அதற்கேற்ற டை (நசுக்கும் அச்சு), பெரிய சால்டரிங் அயர்ன் என்று கணக்கு நீளும். கனெக்டர் விலையைவிட இந்தக் கணக்குதான் பெரும்பாலும் பெரிது.

## எஸ்எம்ஏ

பார்த்தவுடன் தெரியும்: கால் அங்குல மரை, 8 மில்லிமீட்டர் ஸ்பேனர் பிடிக்கும் சின்ன நட். 18 கிகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும் என்பதால் அலைவரிசை பற்றி யோசிக்கவே வேண்டாம். 4ஜி ரவுட்டர்களில் மொபைல் ஆன்டெனாவுக்கு, லோரா போர்டுகளில், கையடக்க ரேடியோக்களில், நானோவிஎன்ஏ மாதிரியான சோதனைக் கருவிகளில் எல்லாம் இதுதான்.

பலவீனம் அதன் சிறிய உடம்பு. ஆர்ஜி-58, எல்எம்ஆர்-200 அளவுக் கேபிளுக்கு எஸ்எம்ஏ சரியாக இருக்கும். எல்எம்ஆர்-400க்கும் எஸ்எம்ஏ கனெக்டர் கடையில் கிடைக்கிறது, அதை வாங்கலாம் என்று தோன்றும். வேண்டாம். அந்தக் கேபிளின் எடையும் விறைப்பும் முழுக்க ரவுட்டருக்குள் இருக்கும் சின்ன சால்டர் இணைப்பின் மேல் வந்து இறங்கும். ஒரு நாள் யாராவது ரவுட்டரைத் துடைக்க நகர்த்தும்போது போர்டிலிருந்து கனெக்டர் அசைந்து கொடுக்கும். வெளியே எந்தச் சேதமும் தெரியாது. சிக்னல் மட்டும் வருவதும் போவதுமாக இருக்கும்.

சாதாரண எஸ்எம்ஏக்கு 500 முறை கழற்றி மாட்டும் ஆயுள் என்று கணக்கு. வீட்டுக்கு இது ஏராளம். ஆனால் அந்த 500 ஒழுங்காக மாட்டினால்தான். நட்டை மட்டும் திருக வேண்டும், உடம்பு அசையக்கூடாது. பலரும் ஆன்டெனாவையே பிடித்துச் சுற்றுவார்கள். அப்படிச் செய்தால் நடுவில் இருக்கும் ஊசி எதிர்த் துளைக்குள் அரைத்துக்கொண்டே சுழலும். தங்க முலாம் போய், பித்தளைத் தூள் உள்ளே உதிரும். ஒரு கையால் கேபிளை அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் நட்டை விரலால் முடிந்தவரை முறுக்கி, அப்புறம் ஸ்பேனரால் இலேசாக ஒரு தட்டு. அவ்வளவுதான். பித்தளை எஸ்எம்ஏக்குச் சொல்லப்படும் இறுக்கம் 0.6 நியூட்டன் மீட்டருக்கும் கீழே. கையின் முழு பலத்தைக் காட்டினால் மரை போய்விடும்.

எஸ்எம்ஏ சரியான தேர்வாவது கருவி உள்ளே இருந்து, கேபிள் மெலிதாக இருந்து, தூரம் இரண்டு மூன்று மீட்டருக்குள் முடிந்துவிடும்போது.

## ஆர்பி-எஸ்எம்ஏ: அதிகம் பணம் வீணாகும் இடம்

ஆர்பி என்றால் ரிவர்ஸ் போலாரிட்டி, திருப்பிப் போட்டது. எஸ்எம்ஏயின் அதே உடம்பு, அதே மரை; நடுவில் இருக்கும் ஊசியும் துளையும் மட்டும் இடம் மாறியிருக்கும். இதனால் மின்சார ரீதியில் எந்த லாபமும் இல்லை. அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசி தன் விதிகளில் பாகம் 15, பிரிவு 15.203-இல், உரிமம் தேவையில்லாத கருவிகளில் ஆன்டெனா நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தனித்துவமான கனெக்டரோடு இருக்க வேண்டும் என்று சொல்கிறது. சாதாரண மக்கள் கடையில் கிடைக்கும் பெரிய ஆன்டெனாவை மாட்டி அளவுக்கு மீறி ஒலிபரப்பிவிடக்கூடாது என்பது நோக்கம். வைஃபை கம்பெனிகள் எஸ்எம்ஏயைத் திருப்பிப் போட்டு அந்த விதியைச் சமாளித்தன. இப்போது ஆர்பி-எஸ்எம்ஏ ஆன்டெனா தெருவுக்குத் தெரு கிடைக்கிறது. விதியின் நோக்கம் எப்போதோ காற்றில் போய்விட்டது, குழப்பம் மட்டும் நம் தலையில்.

அடையாளம் காண இரண்டு கேள்வி போதும். மரை வெளியே இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா? நடுவில் ஊசியா, துளையா?

| மரை | நடுவில் | என்ன அது |
|---|---|---|
| வெளியே | துளை | எஸ்எம்ஏ பெண் |
| உள்ளே (நட்டோடு) | ஊசி | எஸ்எம்ஏ ஆண் |
| வெளியே | ஊசி | ஆர்பி-எஸ்எம்ஏ பெண் |
| உள்ளே (நட்டோடு) | துளை | ஆர்பி-எஸ்எம்ஏ ஆண் |

ஆர்பி வகையில் ஆண், பெண் என்ற பெயர் வெளி உடம்பை வைத்துச் சொல்லப்படுகிறது, ஊசியை வைத்து அல்ல. விற்பனைப் பக்கங்களில் இதிலும் தாறுமாறாக எழுதியிருப்பார்கள். பெயரை நம்பாதீர்கள், படத்தைப் பெரிதாக்கி நடுவில் பாருங்கள்.

இரண்டையும் கலந்து மாட்டினால் இரண்டு விதமாகக் கெடும். துளையும் துளையும் சந்தித்தால் நட் அழகாக இறுகும், பார்க்க எல்லாம் சரி, ஆனால் உள்ளே தொடர்பே இருக்காது. அருகில் இருக்கும் கருவிக்குக் கொஞ்சம் சிக்னல் கசிந்து வரும் என்பதால் "வேலை செய்கிறது, ஆனால் வீக்கா இருக்கு" என்று ஆன்டெனாவைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். ஊசியும் ஊசியும் சந்தித்தால் இன்னும் மோசம். முட்டிக்கொள்ளும், பலம் கொடுத்துத் திருகினால் ஒன்று வளையும், இல்லாவிட்டால் உள்ளே தள்ளப்படும். ரவுட்டர் பக்க ஊசி உள்ளே போனால் சர்வீஸ் சென்டர்தான்.

ஒரே பெட்டியில் இரண்டும் இருப்பதுதான் உச்சகட்டம். டெல்டோனிகா மாதிரியான 4ஜி ரவுட்டர்களில் மொபைல் ஆன்டெனாவுக்கு எஸ்எம்ஏ, வைஃபை ஆன்டெனாவுக்கு ஆர்பி-எஸ்எம்ஏ என்று பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கையடக்க ரேடியோவிலும் ஒரு கண்ணி உண்டு. பாவோஃபெங் யூவி-5ஆர் செட்டின் தலையில் ஊசியுள்ள எஸ்எம்ஏ இருக்கும், யாசு செட்களில் துளை. இரண்டுமே சாதாரண எஸ்எம்ஏதான், ஆணும் பெண்ணும் இடம் மாறியிருக்கிறது. யாசுவுக்கு என்று வாங்கிய ஆன்டெனா பாவோஃபெங்கில் ஏறாது.

ஆர்பி-எஸ்எம்ஏயை யாரும் விரும்பித் தேர்ந்தெடுப்பதில்லை. உங்கள் வைஃபை கருவி அதைக் கேட்டால் போட வேண்டும், அவ்வளவே.

## என் டைப்: வெளியில் போகும் எதற்கும்

பெல் ஆய்வகத்தின் பால் நீல் 1940களில் உருவாக்கியது. பெயரில் இருக்கும் அந்த என் அவருடையதுதான். சாதாரண வகைகள் 11 கிகாஹெர்ட்ஸ் வரை, துல்லிய வகைகள் 18 வரை போகின்றன. உள்ளே ரப்பர் வளையம் உண்டு, மரை பெரிது, உடம்பு கனம். எல்எம்ஆர்-400 போன்ற தடித்த கேபிளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

மாடியில், கம்பத்தில், கோபுரத்தில் இருக்கும் நல்ல ஆன்டெனாக்களில் என் பெண் முனை இருப்பது இதனால்தான். கேபிள் வழியே மின்னல் கருவிக்குள் பாயாமல் தடுக்கும் அரெஸ்டர் வைக்க வேண்டுமென்றாலும் பெரும்பாலும் என் முனைகளோடுதான் வரும். மழை, வெயில், காற்றில் ஆடும் கேபிள் எல்லாவற்றையும் வருஷக்கணக்கில் தாங்கும்.

இதன் மறைமுகச் செலவு கருவியில் இருக்கிறது. ஆர்ஜி-58க்கு வாங்கிய கிரிம்ப் டை 5.41 மில்லிமீட்டர் அறுகோணம், எல்எம்ஆர்-400க்கு 10.9 மில்லிமீட்டர் வேண்டும். ஒரே கருவியில் இரண்டும் இருப்பது அபூர்வம். இரண்டு கனெக்டருக்காக ஒரு கருவி வாங்குவதைவிட, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரியான இடத்தில் நீளத்தைச் சொல்லி இரண்டு முனையும் போட்ட கேபிளாக வாங்கிக்கொள்வது மலிவு. கருவி இல்லாதவர்களுக்கு, நட்டை இறுக்கியே பிடித்துக்கொள்ளும் கிளாம்ப் வகை என் கனெக்டர்களும் உண்டு. பொறுமையாகப் போட்டால் நன்றாகவே இருக்கும்.

இன்னொரு ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். என் டைப்பில் 75 ஓம் வகையும் இருக்கிறது, அதன் மைய ஊசி மெல்லியது. 50 ஓம் ஆண் முனையை 75 ஓம் பெண் முனையில் திணித்தால் தடித்த ஊசி எதிர்த் துளையை விரித்துப் பிளந்துவிடும். பழைய கேபிள் டிவி சாமான்களோடு கலந்து கிடக்கும் கனெக்டரை எடுத்துப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

உள்ளே, மேசை மேல், சின்ன போர்டோடு பயன்படுத்த என் டைப் தேவையே இல்லை. அங்கே அது எலி பிடிக்க யானைப் பொறி.

## பிஎல்-259: திட்டு வாங்கும் பழைய ஆள்

1930களில் ஆம்பினால் நிறுவனத்தில் பிறந்தது. கேபிளில் இருப்பது பிஎல்-259, செட்டில் இருப்பது எஸ்ஓ-239. இரண்டையும் சேர்த்து யூஹெச்எஃப் கனெக்டர் என்பார்கள். இந்தப் பெயர் வந்த காலத்தில் அதிக அலைவரிசை என்று நினைத்தது இன்றைக்குக் குறைவு. இதன் உள்ளே 50 ஓம் என்ற கணக்கு காப்பாற்றப்படுவதில்லை. 27 மெகாஹெர்ட்ஸிலும் ஷார்ட்வேவிலும் அந்தக் குறை கண்ணுக்கே தெரியாது, 150 மெகாஹெர்ட்ஸ் பக்கம் பொறுத்துக்கொள்ளலாம், 400க்கு மேல் போனால் வேறு பார்ப்பது நல்லது. வைஃபைக்கும் 4ஜிக்கும் பேச்சே வேண்டாம்.

இணையத்தில் இதைத் திட்டுவது ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. அந்த அளவுக்கு அது மோசமில்லை என்பது என் அபிப்பிராயம். நாகப்பட்டினம், ராமேஸ்வரம் பக்கம் படகில் விஹெச்எஃப் செட் வைத்திருக்கிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பேசும் 16ஆம் சானல் 156.8 மெகாஹெர்ட்ஸ், செட்டின் முதுகில் இருப்பது எஸ்ஓ-239, அதிகபட்சம் 25 வாட். அங்கே அடாப்டர் போட்டு என் டைப்புக்கு மாறுவதில் கிடைக்கும் லாபத்தை எந்தக் காதும் கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது.

அவருடைய உண்மையான எதிரி உப்புத் தண்ணீர். பிஎல்-259இல் ரப்பர் வளையம் கிடையாது. தண்ணீர் உள்ளே போனால் கேபிளின் பின்னல் (மையக் கம்பியைச் சுற்றியிருக்கும் செம்பு வலை) அதைத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல மீட்டர் கணக்கில் உள்ளே இழுத்துக்கொள்ளும், செம்பு கறுத்துப்போகும். கனெக்டரை மாற்றினாலும் பயன் இல்லை, கேபிளையே வெட்டிப் போட வேண்டும். ஆகவே இதை வெளியே போட்டால் மூடிச் சுற்றுவது கட்டாயம். எப்படி என்பது கீழே வருகிறது.

சால்டர் செய்வதிலும் ஒரு சங்கடம். இதன் உடம்பு பெரிய பித்தளைக் கட்டி, சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 25 வாட் அயர்னை வைத்து நேரமாக நேரமாக, ஈயம் ஒட்டுவதற்குள் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் இளகிவிடும். 100 வாட் அயர்ன் வைத்துச் சட்டென்று முடிப்பதே நல்லது. இல்லாவிட்டால் கிரிம்ப் வகை வாங்கிவிடுங்கள். தடித்த ஆர்ஜி-213 கேபிள் நேராக உள்ளே போகும், ஆர்ஜி-58 போடுவதென்றால் யூஜி-175 என்ற குறுக்கும் குழாய் தனியாக வாங்க வேண்டும். கடையில் இதை மறந்துவிட்டு வந்து மறுபடி போகிறவர்கள் நிறைய.

பிஎல்-259க்கும் என் டைப்புக்கும் வெளி மரை ஒரே அளவு, 5/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 சுற்று. அதனால் ஒன்றில் மற்றதன் நட் பிடிப்பதுபோலக் காட்டும். உள்ளே இரண்டும் பொருந்தாது.

## பிஎன்சியும் டிஎன்சியும்

பிஎன்சி கால் சுற்றில் பூட்டிக்கொள்ளும். ஒரு நாளில் பத்து தடவை கழற்றி மாட்டுகிற இடத்தில் இதை மிஞ்ச ஆளில்லை: சோதனை மேசை, ஆஸிலோஸ்கோப், பழைய கையடக்க செட்கள். 4 கிகாஹெர்ட்ஸ் வரை என்று சொன்னாலும், அசைந்தால் தொடர்பு கொஞ்சம் ஆடும் என்பதால் வண்டியிலும் கம்பத்திலும் போட வேண்டாம். சிசிடிவிக்காரர்கள் போடுவது இதன் 75 ஓம் வகை.

டிஎன்சி அதையே மரையோடு செய்தது. 11 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், அதிர்வைத் தாங்கும். கருவி டிஎன்சி கேட்டால் சந்தோஷமாகப் போடுங்கள். நீங்களாகத் தேர்ந்தெடுப்பதென்றால் என் டைப் எளிதில் கிடைக்கும். இதிலும் ஆர்பி வகை உண்டு, பழைய லிங்ஸிஸ் வைஃபை ரவுட்டர்களில் பார்த்திருப்பீர்கள். எச்சரிக்கை அதேதான்.

## எஃப் டைப்: வீட்டில் கிடக்கிறதே, போடலாமா?

டிஷ் கேபிள் மிச்சம் இருக்கிறது, கனெக்டரும் சல்லிசு, இதையே 4ஜி ஆன்டெனாவுக்குப் போட்டால் என்ன? இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. பலரும் "75 ஓம், கூடவே கூடாது" என்று ஒரே அடியாக மறுப்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் 50 ஓமும் 75 ஓமும் சந்திக்கும் இடத்தில் திரும்பி வருவது நூற்றுக்கு 4 பங்குதான், நஷ்டம் 0.2 டெசிபலுக்கும் கீழே. டிஷ்ஷுக்குப் போடும் நல்ல ஆர்ஜி-6 கேபிள், மெல்லிய ஆர்ஜி-58ஐவிடக் குறைவாகத்தான் விழுங்கும்.

ஆக, சிக்னலை வாங்க மட்டும் செய்யும் கருவிக்கு, உதாரணமாக விமானங்களின் சிக்னலைக் கேட்கும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் மாதிரியான யூஎஸ்பி ரிசீவருக்கு, ஆர்ஜி-6ஐயும் எஃப் டைப்பையும் தாராளமாகப் போடலாம். கடைசியில் ஓர் எஃப்-எஸ்எம்ஏ அடாப்டர் போதும். பேசும் செட்டுக்கும், இரண்டு கேபிள் கேட்கும் 4ஜி ரவுட்டருக்கும் நான் போடமாட்டேன். அடாப்டர் அடுக்கு நீள்கிறது, எஃப் டைப்பில் கேபிளின் மையக் கம்பியே ஊசியாக வேலை செய்வதால் அது வெளியில் துருப்பிடித்தால் எல்லாமே போச்சு. ஆர்ஜி-6இல் அந்தக் கம்பி பெரும்பாலும் செம்பு பூசிய இரும்பு.

## போர்டின் மேல் இருக்கும் பொடிகள்

லோரா போர்டிலும் லேப்டாப்பின் வைஃபை அட்டையிலும் அரிசி அளவில் ஒரு வட்டப் பித்தளை இருக்குமே, அது யூ.எஃப்.எல், ஐபெக்ஸ் என்றும் சொல்வார்கள். ஹிரோஸே கம்பெனியின் கணக்குப்படி இதன் ஆயுள் 30 முறை. ஆம், முப்பதுதான். சும்மா கழற்றிப் பார்க்கிற விஷயம் அல்ல. நேர் மேலே வைத்து விரல் நுனியால் அழுத்தினால் ஒரு சின்ன 'டிக்' கேட்கும். கழற்றும்போது கேபிளைப் பிடித்து இழுத்தால் போர்டில் இருக்கும் வட்டமே பெயர்ந்துவரும். புதிய எம்.2 வைஃபை அட்டைகளில் இருப்பது இதைவிடச் சின்ன எம்ஹெச்எஃப்4, யூ.எஃப்.எல் அதில் உட்காராது.

இதிலிருந்து பெட்டியின் சுவருக்கு ஒரு சின்ன கேபிள் போட்டு எஸ்எம்ஏயாக மாற்றி, அதைச் சுவரில் நட் போட்டு இறுக்கிவிடுங்கள். அந்த மெல்லிய 1.13 மில்லிமீட்டர் கேபிள் 2.4 கிகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு 2.5, 3 டெசிபல் தின்னும். 15 சென்டிமீட்டருக்கு மேல் நீளம் வேண்டாம்.

யூஎஸ்பி டாங்கிளிலும் பாக்கெட் ஹாட்ஸ்பாட்டிலும் இருக்கும் டிஎஸ்9, சிஆர்சி9 இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஒன்று மற்றதில் ஒழுங்காக உட்காராது. மாடலைப் பார்த்து வாங்குங்கள். இவற்றில் வெளி ஆன்டெனா மாட்டுவது தற்காலிக ஏற்பாடுதான். சாதாரண அசைவிலேயே கழன்றுவிடும்.

## ஒரே பார்வையில்

| வகை | நடைமுறை எல்லை | மழை | தடித்த கேபிள் | பொருந்தும் இடம் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|---|
| எஸ்எம்ஏ | 18 கிகாஹெர்ட்ஸ் | சுற்றி மூட வேண்டும் | வேண்டாம் | ரவுட்டர், கையடக்க செட் | போர்டு இணைப்பு உடைவது |
| ஆர்பி-எஸ்எம்ஏ | எஸ்எம்ஏ மாதிரியே | சுற்றி மூட வேண்டும் | வேண்டாம் | வைஃபை | தவறான ஜோடி வாங்குவது |
| என் | 11 முதல் 18 கிகாஹெர்ட்ஸ் | தாங்கும் | மிகப் பொருத்தம் | மாடி, கம்பம் | பெரிய கிரிம்ப் டை |
| பிஎல்-259 | சுமார் 150 மெகாஹெர்ட்ஸ் வரை நிம்மதி | வளையம் இல்லை | பொருந்தும் | ஷார்ட்வேவ், படகு விஹெச்எஃப் | தண்ணீர் புகுந்த கேபிள் |
| பிஎன்சி | 4 கிகாஹெர்ட்ஸ் | வேண்டாம் | வேண்டாம் | சோதனை மேசை | அதிர்வில் ஆடும் தொடர்பு |
| டிஎன்சி | 11 கிகாஹெர்ட்ஸ் | தாங்கும் | ஓரளவு | வண்டி, அதிர்வுள்ள இடம் | தேடி அலைவது |
| எஃப் | 2 கிகாஹெர்ட்ஸ் பக்கம் | சுற்றி மூட வேண்டும் | ஆர்ஜி-6 மட்டும் | வாங்க மட்டும் செய்யும் கருவி | அடாப்டர் அடுக்கு |
| யூ.எஃப்.எல் | 6 கிகாஹெர்ட்ஸ் | பெட்டிக்குள் மட்டும் | இல்லை | போர்டு | 30 முறை ஆயுள் |

செல்போன் டவரில் பார்க்கும் தடியான 7/16 டின், அதற்குப் பிறகு வந்த 4.3-10 இரண்டையும் பட்டியலில் சேர்க்கவில்லை. வீட்டுக்கு அவை தேவைப்படாது.

## அடாப்டரா, பிக்டெயிலா?

மாடியில் என், ரவுட்டரில் எஸ்எம்ஏ. தடித்த கேபிளின் நுனியில் என்-எஸ்எம்ஏ அடாப்டர் ஒன்றைப் போட்டு நேராக ரவுட்டரில் திருகிவிடலாம் என்பது சுலபமான யோசனை. கேபிளின் விறைப்போடு அடாப்டரின் நீளமும் சேர்ந்து ரவுட்டரின் கனெக்டரை நெம்புகோல் மாதிரி நெம்பும். அதற்குப் பதிலாக, தடித்த கேபிளை என் பெண் முனையோடு சுவரில் கிளிப் அடித்து நிறுத்திவிட்டு, அங்கிருந்து 30 சென்டிமீட்டர் மெல்லிய கேபிளை, ஒரு பக்கம் என் ஆண், மறுபக்கம் எஸ்எம்ஏ ஆண் வைத்து ரவுட்டருக்குக் கொண்டுபோங்கள். இதைத்தான் பிக்டெயில் என்பது. நஷ்டம் அரை டெசிபல் அளவில்தான் இருக்கும், ரவுட்டர் பிழைக்கும். 4ஜி ஆன்டெனாவுக்கு இரண்டு கேபிள் என்பதால் இரண்டு பிக்டெயில் வாங்க வேண்டும். இந்தச் செலவை முதலிலேயே கணக்கில் வையுங்கள்.

இந்தியாவில் 4ஜி ஓடும் அலைவரிசைகளில் 850 மெகாஹெர்ட்ஸ் கேபிளுக்கு இரக்கம் காட்டும், 2300 காட்டாது. ஆன்டெனாவுக்கும் ரவுட்டருக்கும் நடுவில் பதினைந்து மீட்டருக்கு மேல் என்றால் கனெக்டர் ஆராய்ச்சியையே விட்டுவிட்டு, மழை தாங்கும் ரவுட்டரை ஆன்டெனா பக்கத்திலேயே வைத்து, கீழே ஈத்தர்நெட் கேபிள் இழுப்பதைத்தான் நான் சொல்வேன். மின்சாரமும் அதே கேபிளில் ஏறிவிடும், நீளமான ஆன்டெனா கேபிளுக்கு வேலையே இல்லை.

## மாட்டிய பிறகு

வெளியில் இருக்கும் இணைப்பை மூன்று அடுக்காகச் சுற்ற வேண்டும். முதலில் சாதாரண பிவிசி டேப் ஒரு சுற்று, பிற்பாடு கழற்றும்போது கோந்து ஒட்டாமல் இருக்க. அதன் மேல், இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப். அதை நீளம் இரட்டிப்பாகும் வரை இழுத்து, பாதிக்குப் பாதி ஏறுமாறு கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். அப்போதுதான் ஓடு வேய்ந்த மாதிரி மேல் மடிப்பு கீழ் மடிப்பை மூடும், தண்ணீர் வழிந்து போகும். கடைசியாக வெயிலுக்கு இன்னொரு பிவிசி அடுக்கு. சிலிக்கானைப் பூசி விடலாம் என்று நினைத்தால், காயும்போது வினிகர் வாசனை வரும் ரகத்தைத் தொடாதீர்கள். அது செம்பை அரிக்கும். வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் கேபிளை ஒரு வளைவாகத் தொங்கவிட்டால் மழைத் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

இறுக்கி மூடுவதற்கு முன்னால், ஆன்டெனா மாட்டாத வெறும் கேபிளை மல்டிமீட்டரில் பாருங்கள். ஒரு முனையின் ஊசியிலிருந்து மறுமுனையின் ஊசிக்குத் தொடர்பு இருக்க வேண்டும், ஊசிக்கும் வெளி உடம்புக்கும் நடுவில் தொடர்பே இருக்கக்கூடாது. பின்னலின் ஒரு மயிரிழை உள்ளே தொட்டுக்கொண்டிருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். ஆன்டெனாவை மாட்டிய பிறகு அதே சோதனையைச் செய்து, ஊசியும் உடம்பும் ஷார்ட் காட்டுகிறதே என்று பதற வேண்டாம். பல ஆன்டெனாக்கள் நேர்மின்னோட்டத்துக்கு ஷார்ட்டாகத்தான் செய்யப்படுகின்றன, அவற்றின் அலைவரிசையில் அது ஷார்ட் இல்லை.